மூன்றா, எட்டா

ஜனவரி 11
அத்தை வீட்டுப் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இன்று இறக்கினோம். தாத்தா இரண்டாம் உலகப்போரில் வாங்கிய நான்கு மெடல்கள். ஐந்து இருந்ததாம். ஒன்றை அப்பா சின்ன வயதில் பம்பரத்துக்குக் கொடுத்துவிட்டார் என்கிறார் அத்தை. அப்பாவைக் கேட்டால், "அவதான் பாத்திரக்காரனுக்குப் போட்டா" என்கிறார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

மூன்று ஆறுமுனை நட்சத்திரங்கள், ஒரு வட்ட மெடல். 1939–45 ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார். ரிப்பன் எதிலும் இல்லை. பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு இந்த ஸ்டார்களைப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். நம் ஆட்களுக்குப் பின்பக்கம் நம்பரும் பெயரும் பொறித்துக் கொடுத்தார்கள். அந்த நம்பர் இருந்தால் தேடலாம். ஆனால் அத்தை வருஷா வருஷம் போகிக்கு இவற்றைப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். கடைசிக்கு முந்தைய இலக்கம் மூன்றா எட்டா என்று தெரியவில்லை.

ஜனவரி 12
எட்டு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் எட்டுதான்.

ஜனவரி 14
பொங்கல். வீட்டில் வைக்கவில்லை. இடுப்பு எலும்புக்கு ஆபரேஷன் செய்யலாமா என்று இதய டாக்டர் சொல்ல வேண்டுமாம். அவர் லீவு.

ஜனவரி 17
மூன்றாகவும் இருக்கலாம்.

ஜனவரி 20
பெங்களூருக்கு ஸ்பீட் போஸ்ட் அனுப்பினேன். சிப்பாய்களின் பதிவேடுகள் டெல்லியில் இருக்காது, அந்தந்த ரெஜிமென்டின் ரெக்கார்டு ஆபீசில்தான் இருக்கும். மெடலில் 'எஸ் அண்ட் எம்' என்று தெளிவாகவே இருக்கிறது. சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், ராணுவத்துக்குப் பாதை போட்டு, பாலம் கட்டி, கண்ணிவெடி எடுக்கும் படை. எங்கள் பக்கத்து ஆள் என்றால் மெட்ராஸ் சாப்பர்ஸ்தான், அல்சூர் ஏரிக்கரை. கடிதத்தில் இரண்டு நம்பரையும் எழுதினேன். தாத்தா பெயர், அவர் அப்பா பெயர், கிராமம், தாலுகா, வடஆற்காடு ஜில்லா.

அப்பாவிடம் சொன்னபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "உயரம் எழுதியிருப்பாங்களா?"

எழுதியிருப்பார்கள். சேரும்போதே உயரம், மார்பளவு, அங்க அடையாளம் எல்லாம் குறித்துவிடுவார்கள். தாத்தா 1953-ல் செத்தபோது அப்பாவுக்கு நான்கு வயது. ஃபோட்டோ ஒன்றுகூடக் கிடையாது. ஆறடி ஆள் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறார். அத்தை பெரியவர், பன்னிரண்டு வயது வரை பார்த்தவர். குள்ளம் என்கிறார். "நாலு வயசுக்காரனுக்கு எல்லாரும் உயரந்தான்."

ஜனவரி 23
பதில் வர நாளாகும். தெரியும். ஆனாலும் தபால்காரரைக் கண்டால் வண்டியை நிறுத்துகிறேன்.

ஜனவரி 28
ஆபரேஷன் முடிந்தது. நான்கு மணி நேரம். வெளியே உட்கார்ந்து, ஆப்பிரிக்கா, இத்தாலி இரண்டிலும் சண்டை போட்ட 4-வது இந்திய டிவிஷன் எங்கெல்லாம் போனது என்று படித்துக்கொண்டிருந்தேன். எரித்ரியாவில் கெரென், 1941 மார்ச். எல் அலமெய்ன், துனீசியா, பிறகு இத்தாலியில் காசினோ. மெட்ராஸ் சாப்பர்களில் 12-வது ஃபீல்டு கம்பெனியும் 11-வது ஃபீல்டு பார்க் கம்பெனியும் அந்த டிவிஷனில் இருந்தன. தாத்தா இந்த இரண்டில் ஒன்றில்தான் இருந்திருக்க வேண்டும் என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன். மெட்ராஸ் சாப்பர்கள் இத்தாலியில் வேறு டிவிஷன்களிலும் இருந்தார்கள் என்பது தெரியும். இருந்தாலும்.

நர்ஸ் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது காதில் விழவில்லை.

ஜனவரி 29
அப்பா கண் திறந்தார். தண்ணீர் கேட்டார். வேறெதுவும் கேட்கவில்லை.

பிப்ரவரி 3
லண்டனில் இருக்கும் சித்தி மகன் கியூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்ப் படமெடுத்து அனுப்பிவிட்டான். டபிள்யூ.ஓ. 170 என்ற எண்ணுள்ள இத்தாலிப் போர்க்கோப்பு வரிசை, 12-வது கம்பெனியின் யுத்த டைரி. ரீடர் டிக்கெட் எடுத்துவிட்டால் கேமராவுக்குக் காசில்லையாம். போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.

ஒரு பத்தி தேதி, ஒரு பத்தி இடம், மீதி நடந்தது. எந்தச் சாலை, எத்தனை கஜம், எந்த பிளாட்டூன், மழையா வெயிலா. வெள்ளைக்கார அதிகாரி லீவில் போனால் பெயர் உண்டு, திரும்பி வந்தால் பெயர் உண்டு. நம் ஆட்கள் எண்ணிக்கை மட்டும். ஐ.ஓ.ஆர். இத்தனை பேர் காயம், இத்தனை பேர் சாவு. இண்டியன் அதர் ரேங்க்ஸ். அந்த எண்ணிக்கைக்குள் எங்கோ தாத்தா இருக்கிறார், அல்லது இல்லை.

விடிய விடிய படித்தேன். காசினோவுக்குப் பின்னால் மலையில் ஒரு கழுதைத் தடம். அதை முதலில் ஜீப் போகும்படியும் அப்புறம் டாங்கி ஏறும்படியும் அகலமாக்கினார்கள். கேவண்டிஷ் ரோடு என்று பெயர் வைத்தார்கள். பாறையை உடைத்து, ஜெர்மானியர் கண்ணில் படாமல் வலையால் மூடி, நியூசிலாந்து எஞ்சினியர்களும் நம் சாப்பர்களும் போட்டது. 1944 மார்ச் 19-ந் தேதி அதன் வழியே டாங்கிகள் போனபோது எதிரி அந்தப் பக்கம் டாங்கியை எதிர்பார்க்கவே இல்லை. துணைக்குக் காலாட்படை இல்லாததால் பல டாங்கிகளை இழந்து, ஒன்றும் சாதிக்காமல் திரும்பின. அவ்வளவு வேலையும் ஒரு பகல்பொழுதுக்கு. தாத்தா ஊருக்கு வந்து கொத்தனார் வேலைதான் பார்த்தார். ஏரி மதகுப் பக்கம் அவர் கட்டிய படித்துறை இன்னும் அசையவில்லை.

பிப்ரவரி 4
ஐ.ஓ.ஆர். என்றால் என்ன என்று அப்பா கேட்டார். சொன்னேன். "சரி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிப்ரவரி 9
அத்தை சும்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: தாத்தா எங்கே போனாலும் கையில் கம்பு இருக்குமாம். புது இடத்தில் உட்காருவதற்கு முன் கம்பைச் சாய்த்துப் பிடித்து மண்ணைக் குத்திப் பார்ப்பாராம், சுற்றிலும், பொறுமையாக.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கண்ணிவெடி தேடுகிறவன் அப்படித்தான் செய்வான். பயனெட்டைச் சாய்வாக இறக்க வேண்டும். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் படும். ஜெர்மானியரின் மரப்பெட்டி வெடிகள் டிடெக்டரில் சிக்காது, அதற்குக் கையால் குத்துவது ஒன்றே வழி. இதையெல்லாம் அத்தையிடம் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"அது பாம்புக்குடா" என்றார்.

பிப்ரவரி 10
பாம்புக்கு ஏன் மண்ணைக் குத்த வேண்டும்? தரையைத் தட்டினால் போதுமே.

பிப்ரவரி 15
1944-ல் இதே தேதியில்தான் காசினோ மலைமேல் இருந்த கிறிஸ்தவ மடத்தின்மேல் குண்டு போட்டார்கள். எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் மடம், மடம், மடம். இடிந்த சுவருக்கு இருக்கிற அக்கறை!

அப்பாவுக்கு ஜுரம். 101. தையல் போட்ட இடத்தில் கோளாறோ என்று பார்க்கிறார்களாம்.

பிப்ரவரி 16
101.

பிப்ரவரி 18
ஜுரம் விட்டது. இட்லி ஒன்றரை சாப்பிட்டார். "ஆறடி இல்லைன்னா அஞ்சடி பத்து இருக்கும்" என்று ஆரம்பித்துவிட்டார்.

பிப்ரவரி 24
சுபேதார் சுப்பிரமணியன் செத்த நாள். காஞ்சிபுரம் பக்கத்து ஆள், 11-வது ஃபீல்டு பார்க் கம்பெனி. இத்தாலியில் மிக்னானோ என்ற இடத்தில், கூட இருந்தவர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடிமேல் தானே விழுந்தார். வீரத்துக்கான உயர்ந்த பிரிட்டிஷ் விருதான ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். சாங்ரோ ஆற்றுத் தகன நினைவிடத்தில் பெயர் இருக்கிறது.

தாத்தா 11-வது கம்பெனியில் இருந்திருந்தால் அவரைத் தெரிந்திருக்கும். ஒரே முகாமில் இருந்திருக்கலாம். அன்றைக்கு அங்கேயே நின்றிருக்கலாம். அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தவர் ஊரில் ஏழு வருஷம் ஒரு வார்த்தை பேசாமல் சுவர் கட்டிக்கொண்டிருந்தாரா? 12-வது கம்பெனி என்றால் இந்தக் கேள்வியே இல்லை. நான்கு மெடல் இருக்கிறது, கம்பெனி நம்பர் எதிலும் இல்லை.

போர் முடிந்து தாத்தா வந்த நாளைப் பற்றி இன்று அத்தையிடம் மறுபடி கேட்டேன். தூக்க வந்தாராம். யாரோ என்று அத்தை அலறிக் குதிருக்குப் பின்னால் ஒளிந்தாராம். "எவ்வளவு நேரம்?" என்றேன். "ராத்திரி வரைக்கும். அவரும் அங்கயே உக்காந்துகிட்டாரு."

மார்ச் 1
தபால் இல்லை.

மார்ச் 7
வந்துவிட்டது. ஒரு பக்கம், டைப் அடித்தது, மரியாதையான கடிதம்.

சேர்ந்தது 1941 ஜூன். வெளியே வந்தது 1946 ஆகஸ்ட். சாப்பர். நம்பரில் அந்த இலக்கம் ஆறு! மூன்றும் இல்லை, எட்டும் இல்லை.

அவ்வளவுதான். பென்ஷன் இல்லாதவர்களின் ஆவணங்களை 25 வருஷத்துக்கு மேல் வைப்பதில்லை என்பது விதி. லாங் ரோல் என்ற பெரிய பேரேட்டில் இருக்கும் வரி மட்டும் நிற்கும். போர்க்காலத்தில் சேர்ந்து போர் முடிந்ததும் அனுப்பப்பட்டவர்களுக்கு சர்வீஸ் பென்ஷன் கிடையாது, 15 வருஷம் இருந்தால்தான். ஆக, மொத்தமும் போச்சு. எந்தக் கம்பெனி, எந்தக் கப்பல், உயரம், மார்பளவு, அங்க அடையாளம்.

1946-ஓடு 25-ஐக் கூட்டினால் 1971. அப்பாவுக்கு 22 வயது. அந்த வருஷம் ஒரு கார்டு போட்டிருந்தால் எல்லாம் கைக்கு வந்திருக்கும். இதை அவரிடம் சொல்லப்போவதில்லை.

மார்ச் 8
கடிதத்தைப் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

"உயரம்?"

"இல்லப்பா."

அத்தை பக்கத்து நாற்காலியில் இருந்தார். வாயைத் திறக்கவில்லை. போகும்போது மட்டும், "ரொம்பக் குள்ளம் இல்ல" என்றார்.

மார்ச் 10
டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவிலும் இரண்டாம் உலகப்போர்க் கோப்புகள் இருக்கின்றன. 11-வது கம்பெனியைக் கேட்டு எழுத வேண்டும். சித்தி மகனும் அடுத்த மாதம் கியூ போகிறேன் என்கிறான். சிப்பாய் பெயர்ப் பட்டியல் ஏதாவது பின்னிணைப்பில் சிக்கலாம். இப்போது நம்பர் சரியாக இருக்கிறதே.

நாளை அப்பாவை நிற்க வைக்கிறார்களாம். வாக்கர் வாங்கவேண்டும். எந்த அளவு என்று கேட்டால்