சீதகங்குலைக்கு அப்பால்

கடலூரில் மலை என்று பெயருக்கு ஒரு கேப்பர் மலை இருக்கிறது. செம்மண் மேடு, பஸ்ஸே ஏறிவிடும். அதனால் இலங்கையிலிருக்கும் சிவனொளிபாத மலைக்குப் போவதென்று முடிவானதும், காலைப் பழக்க நான் போனது திருவந்திபுரத்துக்கு. தேவநாத சுவாமி கோயிலுக்குப் பக்கத்து ஔஷதகிரியில் ஹயக்ரீவர் சந்நிதி, 74 படி. பங்குனிக் கடைசியிலிருந்து தினமும் விடிகாலையில் பத்துத் தடவை ஏறி இறங்கினேன். வீட்டில் கணக்கு டியூஷன் எடுப்பவள் நான், மனசு சும்மா இருக்காது. சிவனொளிபாதத்துக்கு ஏறத்தாழ 5,500 படி என்கிறார்கள். 74-ஐ 74-ஆல் பெருக்கினால் 5,476. இந்தக் குன்றை அதன் படிகள் எத்தனையோ அத்தனை தடவை ஏறினால் அந்த மலை! இதைக் கண்டுபிடித்த அன்று படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஹயக்ரீவர் என் கையில் உத்தரவு எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது.

போகச் சொன்னது அம்மா.

அம்மா பிறந்தது இலங்கையில், மஸ்கெலியாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். 1964-இல் இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு, இத்தனை லட்சம் பேர் இந்தியாவுக்கு, இத்தனை லட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தபோது எங்கள் குடும்பமும் இரண்டாகப் பிரிந்தது. கல்யாணமாகியிருந்த பெரியம்மா அங்கேயே தங்கிவிட்டாள். தாத்தா, பாட்டி, அம்மா மூவரும் 1972-இல் அட்டனில் ரயிலேறினார்கள். அந்த ரயிலுக்கு மலையகத்தில் அழுகைக் கோச்சி என்று பெயர். ஏறுகிறவர்களும் அழுவார்கள், ஏற்றிவிட வந்தவர்களும் அழுவார்கள். தலைமன்னார், ராமேஸ்வரம், மண்டபம் முகாம் என்று வந்து, கடைசியில் தாத்தாவின் பூர்வீகமான இந்தப் பக்கம். அம்மாவுக்கு அப்போது பதினைந்து வயது. அதற்குப் பிறகு ஐம்பது வருஷம், திருப்பாதிரிப்புலியூரில் தையல் மிஷினோடு.

லயம் என்கிற தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் வாசலில் நின்றால் அந்த மலை தெரியுமாம். மாசி, பங்குனி ராத்திரிகளில் அதன் மேல் விளக்கு வரிசை ஏறுமாம். "கறுப்புச் சேலையில யாரோ சரிகை வெச்சுத் தைக்கற மாதிரி இருக்கும்டி" என்பாள். பதினோரு வயதில் தாத்தா அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். அடிவாரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சீதகங்குல என்று ஓர் ஓடை. அதில் முழுகி, ஈரத்தோடு நடுங்கி, காய்ச்சல் கண்டு, தாத்தா தோளில் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார். அடுத்த வருஷம் போகலாம் என்றார். அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை.

இப்போது அவளுக்கு முழங்கால் மடங்காது. தையல் மிஷின் டிராயரிலிருந்து ஓர் ஊசியை எடுத்து, வெள்ளை நூல் கோத்து, முடிச்சுப் போட்டு, துணியில் குத்திச் சுருட்டிக் கொடுத்தாள். "மலையில ஊசி நூல் போடற எடம் ஒண்ணு உண்டு. எங்க அப்பா எனக்குன்னு வாங்கி வெச்சிருந்தாரு. போடல."

கிளம்புவதற்கு முன்தினம் பாடலீஸ்வரரையும் பெரியநாயகியையும் சேவித்துவிட்டு, கரையேறவிட்ட குப்பத்துக்கும் போனோம். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர், ஐந்தெழுத்தைச் சொல்லி மிதந்து வந்து ஏறிய கரை. அவர் பிறந்த திருவாமூர், சூலை நீங்கிய திருவதிகை எல்லாமே எங்கள் மாவட்டம்தான் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சொந்தப் பெருமை உண்டு. கயிலை பார்க்க வடக்கே நடந்தாரே அப்பர், அந்தக் கதை அன்றைக்கு எனக்கு வேறு மாதிரி கேட்டது. பாதம் தேய்ந்தது, கையால் ஊன்றினார். கை தேய்ந்தது, மார்பால் ஊர்ந்தார். அதற்கு மேல் முடியாமல் கிடந்தவரை, பொய்கையில் மூழ்கச் சொல்லித் திருவையாற்றில் எழச் செய்து, அங்கேயே கயிலையைக் காட்டினார் சிவபெருமான். அம்மா கரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "அப்பருக்கே பாதி வழிதான். நான் எம்மாத்திரம்."

நாகப்பட்டினத்தில் கப்பலேறினால் நாலு மணி நேரத்தில் காங்கேசன்துறை. அந்த ஒரு மாதத்தை முழுக்க எழுதினால் இது முடியாது. நல்லூரில் கந்தனைப் பார்த்தேன். சித்திரைச் சதயம், அதாவது அப்பர் குருபூசை அன்று, திருக்கேதீச்சரத்தில் பாலாவியில் நீராடினேன். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் அது. கோணமலையைச் சம்பந்தர் பாடியிருக்கிறார். இரண்டுக்கும் அப்பரின் தனிப் பதிகம் இல்லை. எங்கள் ஊர்க்காரர் விட்டுப்போன இடத்துக்கு நான் வந்திருக்கிறேன் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. பிறகு தெற்கே இறங்கி, மலை ரயில் பிடித்து அட்டன். அங்கிருந்து பஸ்ஸில் மஸ்கெலியா. வழியெல்லாம் தேயிலை. ஒரே உயரத்துக்கு வெட்டி நிறுத்திய பச்சை.

பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. லயத்துக் காம்பராவில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். துணியைப் பிரித்து ஊசியைக் காட்டினேன். கண்ணுக்கு நெருக்கமாக வைத்துப் பார்த்தாள். "அந்தப் புள்ள இன்னமும் ஊசியப் புடிச்சிக்கிட்டுத்தான் இருக்காளா?" என்று கேட்டுவிட்டு, வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை.

மார்கழி வாக்கில் வரும் பௌர்ணமியில் தொடங்குகிற யாத்திரைப் பருவம் வைகாசி வாக்கில் வரும் வெசாக் பௌர்ணமியோடு முடிந்துவிடும். பிறகு மழை, காற்று, வழியில் விளக்கும் இருக்காது. நாங்கள் போனது வெசாக்குக்கு ஒரு வாரம் இருக்கும்போது. பெரியம்மா மகள், அவள் மகன், நான். அக்கா முப்பது வருஷமாகக் கொழுந்து பறிக்கிறவள், எனக்கு ஒன்பது வயது மூத்தவள். மகன் கொழும்பில் கடையில் வேலை. ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு, பிளாஸ்கில் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு, நல்லதண்ணி என்ற அடிவாரத்தில் ராத்திரி பத்து மணிக்குக் காலை வைத்தோம். பலர் பின்னிரவு இரண்டு மணிக்குப் புறப்பட்டு விடியலுக்குள் ஏறிவிடுவார்கள். எனக்காக அக்கா முன்னதாகவே கிளப்பினாள்.

"சித்தி, நீங்க கோடு" என்றான் மகன். முதல் தடவை ஏறுகிறவர்களை அங்கே அப்படிச் சொல்வார்களாம். அக்கா ஒன்றே ஒன்று சொல்லி வைத்தாள்: "இன்னும் எவ்வளவு தூரம்னு மட்டும் மலையில கேக்காத, தங்கச்சி. ஏறிக்கிட்டே இரு."

ஜப்பானியத் துறவிகள் கட்டிய வெள்ளைத் தூபி இருட்டில் தெரிந்தது. அதற்கு அருகே தண்ணீர்ச் சத்தம். சீதகங்குல. ஜனங்கள் முகம் கழுவினார்கள், சிலர் அந்தக் குளிரிலும் முழுகினார்கள். நான் இறங்கிக் கையை விட்டேன். எலும்பு வரைக்கும் ஏறியது குளிர். இதில்தான் பதினோரு வயதுக் குழந்தை முழுகியிருக்கிறாள். அவள் திரும்பிப் போன இடத்தில் நின்று, எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தலையில் மூன்று கை தண்ணீர் தெளித்துக்கொண்டு, அவள் பெயரைச் சொல்லிவிட்டு வலது காலை வைத்தேன்.

அதுவரை நடை. அதற்குப் பிறகுதான் படி. ஒரே அளவில் இருக்காது, ஒன்று அரை முழம், ஒன்று ஒரு முழம். ஔஷதகிரிக் கணக்கெல்லாம் முதல் ஆயிரத்திலேயே கலைந்துவிட்டது. வெள்ளை உடுத்திய சிங்களக் குடும்பங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறின. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவது. நம் ஊர்ப் பஜனைபோலவே இருந்தது. கைக்குழந்தையைத் துண்டில் கட்டிய தகப்பன்மார்கள். அம்மாவைத் தோளிலும் இடுப்பிலுமாகத் தாங்கி ஏற்றும் பிள்ளைகள். இறங்கி வருகிறவர்கள் ஏறுகிறவர்களைப் பார்த்து "கருணாவய், கருணாவய்" என்றார்கள். அதற்கு மகன் விளக்கம் சொல்லத் தொடங்கினான். எனக்கு வேண்டியிருக்கவில்லை. கருணை என்றுதான் என் காதில் விழுந்தது. நானும் அப்படியே திருப்பிச் சொன்னேன்.

ஓர் இடத்தில் கைப்பிடிக் கம்பியெல்லாம் வெள்ளை நூல், சிலந்தி வலைபோல. புத்தர் மலையேறும்போது தம் காவியின் கிழிசலை இங்கே நின்று தைத்தார் என்பது சிங்களவர்கள் ஐதீகம். அதனால்தான் ஊசியும் நூலும். குளிரில் எனக்கு விரல் மரத்துவிட்டது. அக்காவுக்குக் கண் பார்வை போதாது. நல்ல வேளை, அம்மா ஊரிலேயே கோத்து அனுப்பியிருந்தாள். முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். பட்டன் தைக்கும்போது போடுகிற அதே இரட்டை முடிச்சு. நூலைக் கம்பியில் சுற்றி ஊசியை விட்டேன். அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசிப் பகுதி செங்குத்து. ஏறுகிற பக்கம் ஒரு கம்பி, இறங்குகிற பக்கம் ஒரு கம்பி. கூட்டம் நெரிந்து, இரண்டு படிக்கு ஒரு தடவை நின்றோம். என் கால் நடுங்கி ஒரு படியில் வழுக்கியது. மேல் படியிலிருந்த சிங்களப் பாட்டி, எழுபது வயதாவது இருக்கும், சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "ஹெமின், ஹெமின்" என்றாள். மெதுவாக, மெதுவாக. உச்சி வரைக்கும் பிடித்த கையை அவள் விடவே இல்லை. அவளுக்கு நான் பாரமா, நான் அவளுக்கு ஊன்றுகோலா என்று தெரியாதபடிக்கு இருவரும் ஏறினோம். 1344-இல் இந்த மலையேறிய இபுன் பதூதா, பாறையில் பதித்த இரும்புச் சங்கிலிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். எனக்கு அந்த ராத்திரி அந்தப் பாட்டியின் கைதான் சங்கிலி.

2,243 மீட்டர். நாலரை மணி. செருப்பைக் கழற்றியதும் சிமெண்டுத் தரையின் குளிர் உள்ளங்காலைக் கடித்தது. உச்சி சின்னதுதான், நம் பாடலீஸ்வரர் கோயில் வெளிப்பிராகாரத்தில் ஒரு மூலைக்குள் அடங்கும். அங்கே அத்தனை ஜனம் போர்வையைப் போர்த்திக்கொண்டு விடியலுக்குக் காத்திருந்தது.

பாதம் துணியால் மூடியிருந்தது. உண்மையான சுவடு அந்தப் பாறைக்கும் கீழே, நீலக்கல்லில் இருக்கிறது என்று ஒரு நம்பிக்கை. புத்தர் பாதம் என்கிறார்கள் சிங்களவர்கள். ஆதம் நபியின் காலடி என்று இஸ்லாமியர்கள் வருகிறார்கள். தோமையார் என்று சொல்லும் கிறிஸ்தவர்களும் உண்டு. நமக்குச் சிவன். "எங்கள் சிவன்தான்" என்று அங்கே நின்று வாதாட எனக்கு வாய் வரவில்லை. சிவனைத் தவிர வேறு யாரையும் நினைக்கவும் மனசு வரவில்லை. திருமால் பன்றியாகிப் பூமியைக் குடைந்தும் காணாத அடி என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறோம். அந்த அடியைத் தேடிக் கீழே போனவருக்குக் கிடைக்கவில்லை. இந்த மலையில் அடி உச்சியில் இருக்கிறது! காண வந்தவர்கள் ஏறத்தான் வேண்டும், ஏறி வந்த பிறகு குனியத்தான் வேண்டும். நம் கும்பகோணம் பக்கத்துத் திருநல்லூரில் அப்பர் தலைமேல் சிவபெருமான் திருவடி வைத்தாரே, அது நினைவுக்கு வந்தது. அந்தத் துணிமேல் நெற்றியை வைத்தேன். எனக்காக ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

ஆறு மணி சுமாருக்குக் கிழக்கு உடைந்தது. மேளமும் குழலும் முழங்கின. எல்லாரும் சூரியனைப் பார்க்க, அக்கா என் தோளைத் திருப்பினாள். மேற்கே, மேகத்தின் மேல், மலையின் நிழல். அளவெடுத்து வெட்டின மாதிரி முக்கோணம்.  கணக்கு டீச்சராக அதற்குக் காரணம் தேடலாம். அன்றைக்குத் தேடவில்லை.

அங்கே ஒரு மணி உண்டு. எத்தனை தடவை மலையேறியிருக்கிறோமோ அத்தனை தடவை அடிக்க வேண்டும். அக்கா ஏழு அடித்தாள். பாட்டி அடித்ததை எண்ணவில்லை, அவள் வெகு நேரம் அடித்துக்கொண்டிருந்தாள். என் முறை வந்தது. ஒன்று அடித்தேன். கயிறு கையிலேயே இருந்தது. அம்மாவுக்கும் ஒன்று அடிக்கலாமா என்று அக்காவைப் பார்த்தேன். அக்கா யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "சித்தி ஏறலையே. பொய் மணி அடிக்கக் கூடாது." அவள் சொன்னது சரி. கயிற்றை விட்டுவிட்டேன்.

இறங்கும்போது முழங்கால் ஒவ்வொரு படியிலும் என்னைக் கேள்வி கேட்டது. வலது பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. சீதகங்குலத் தண்ணீரை ஒரு சின்ன பாட்டிலில் பிடித்துக்கொண்டேன். அடிவாரத்தில் அந்தப் பாட்டி என் கன்னத்தைத் தடவிவிட்டுத் தன் பேரன்களோடு பஸ்ஸேறிப் போனாள். அவள் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. இன்றைக்கும் அது எனக்கு ஒரு குறைதான்.

கடலூர் வந்து சேர்ந்தபோது வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அம்மா வாசலில் செம்பும் மஞ்சள் தண்ணீருமாக நின்றாள். யாத்திரை போய் வந்த காலில் தண்ணீர் விடுவது எங்கள் வீட்டு வழக்கம். ஆனால் பெற்றவள் என் காலுக்கு விடுவதா? பின்வாங்கினேன். "நில்லுடி" என்று அதட்டி, மடங்காத முழங்காலோடு சுவரைப் பிடித்துக் குனிந்து ஊற்றினாள். கறுத்த நகத்தைப் பார்த்தாள், விரலால் தடவினாள்.

மணி அடித்ததையும் அக்கா சொன்னதையும் சொன்னேன். "அதான் நியாயம்" என்றாள். பாட்டிலைக் கையில் கொடுத்தேன். திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் விட்டுக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓடையில தண்ணி நெறைய ஓடுதா?"

"ஓடுதும்மா."

"அப்பவும் அப்படித்தான் ஓடிச்சு" என்று சொல்லி, உள்ளங்கைத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டாள்.