மூலம் என்றே நினைத்திருந்தேன்

இரண்டு வருடம் அதை மூலம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கித் தடவுவேன், நாலு நாள் அடங்கியிருக்கும். அப்புறம் என் துணைவனோடு உறவு கொண்டால் மறுபடி அதே வலி, கண்ணாடிச் சில்லால் கீறியது போல. மறுநாள் மலம் கழிக்கும்போது இன்னும் மோசம். சில நாள் பளிச்சென்ற சிவப்பில் இரத்தமும் வரும்.

நான் தன்பாலீர்ப்புள்ள ஆண். "வலிக்கத்தான் செய்யும், பழகிவிடும்" என்பதுதான் நண்பர்களிடம் கேட்ட ஒரே ஆலோசனை. தொடக்கத்தில் கொஞ்சம் இறுக்கமாக இருப்பது வேறு, ஒவ்வொரு தடவையும் வலிப்பது வேறு என்று யாரும் சொல்லவில்லை. அவன் கேட்டால் "ஒன்றுமில்லை" என்பேன். போகப் போக, அவன் பக்கத்தில் வந்து படுத்தாலே உடம்பு இறுக ஆரம்பித்தது. நடுவில் மரத்துப்போகச் செய்யும் ஜெல்லையும் போட்டுப் பார்த்தேன். நான் செய்ததிலேயே பெரிய முட்டாள்தனம் அதுதான். வலி தெரியவில்லை, புண் ஆறவும் இல்லை.

முதலில் பார்த்த மருத்துவர் பரிசோதிக்காமலே மூலத்துக்கு எழுதிக் கொடுத்தார். நானும் உண்மையைச் சொல்லவில்லை, அவரை மட்டும் என்ன குறை சொல்வது? அடுத்தவரிடம் போகும்முன் ஃபோனில் எழுதி வைத்துக்கொண்டேன்: "ஆண்களோடு ஆசனவாய் வழி உறவு கொள்கிறேன். உள்வாங்குவது நான். நுழையும்போது வலி. மலம் கழித்தபின் ஒரு மணி நேரம் எரிச்சல். சில நாள் இரத்தம்." உள்ளே போனதும் வாய் வரவில்லை. ஃபோனையே நீட்டிவிட்டேன். அவர் படித்துவிட்டு, "எவ்வளவு நாளாக?" என்றார். அவ்வளவுதான். இந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் இரண்டு வருடம் போயிருந்தது.

விரலை உள்ளே விடாமல் மெல்ல விலக்கிப் பார்த்ததிலேயே தெரிந்துவிட்டது. மூலமில்லை, ஆசனவாய் வெடிப்பு. ஆறு வாரம் தாண்டினால் அது நாள்பட்டது என்றார். மலக்குடலிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்தார். சிறுநீரை மட்டும் சோதித்தால் அந்த இடங்களில் இருக்கும் கொனோரியா, கிளமிடியா என்ற பால்வினைத் தொற்றுகள் தப்பிவிடுமாம், அவையும் இதே மாதிரி வலிக்கக்கூடும். எச்ஐவிக்கும் சிபிலிஸுக்கும் இரத்தம். எல்லாம் இல்லை என்று வந்தது.

நைட்ரோகிளிசரின் களிம்பு எழுதும் முன், விறைப்புக்கான மாத்திரையோ பாப்பர்ஸோ (உறவின்போது சிலர் முகரும் போதைத் திரவம்) பயன்படுத்துவதுண்டா என்று நேரடியாகக் கேட்டார். சேர்ந்தால் இரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரியும். எப்போதாவது பாப்பர்ஸ் உண்டு என்றேன். களிம்பு முடியும்வரை தொடாதே என்றார். நல்லவேளை, அன்று பொய் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. எட்டு வாரம் களிம்பு, நார்ச்சத்து, தினமும் 15 நிமிடம் வெதுவெதுப்பான நீரில் உட்காருவது. களிம்பு தலைவலியைக் கொடுத்தது, அதுவும் எதிர்பார்க்க வேண்டியதுதானாம். உறவு கிடையாது, அதாவது அந்த வகை. மற்றதெல்லாம் உண்டு என்பதையே அப்போதுதான் இருவரும் கண்டுபிடித்தோம்.

வெடிப்பு ஆறியது. வலி போகவில்லை! வயிறெரிந்தது. இந்த முறை காரணம் தசை. ஆசனவாயில் இரண்டு சுருக்குத் தசைகள். வெளியே இருப்பது நம் சொல் கேட்கும், உள்ளே இருப்பது கேட்காது. பயந்த உடம்பு இரண்டையும் பூட்டிக்கொள்கிறது. இடுப்புத்தள பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். அதுவரை வீடியோ பார்த்துக் கீகல் பயிற்சி, அதாவது இடுப்புத்தளத் தசையை இறுக்கி இறுக்கி விடும் பயிற்சி, செய்துகொண்டிருந்தேன். ஏற்கெனவே இறுகிய தசையை இன்னும் இறுக்கியிருக்கிறேன்! எனக்குத் தேவைப்பட்டது விட்டுவிடுவது: வயிறு உப்ப மூச்சு, அப்புறம் டைலேட்டர் (உள்ளே வைத்து மெல்ல விரியப் பழக்கும் கருவி), சிறியதிலிருந்து ஒவ்வொரு அளவாக, அவசரமில்லாமல்.

ஆசனவாய் வழி உறவில் வரும் இந்த வலிக்கு அனோடிஸ்பருனியா என்று பெயரும் இருக்கிறது. ஆனால் 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநலக் கையேட்டில் உறவின்போது வரும் வலி பெண்களுக்கான குறைபாடாக மட்டுமே இருக்கிறது. எங்களுக்கு இடமில்லை.

நாலு மாதம் கழித்து முயன்றோம். சிலிக்கான் வழுக்கு ஜெல் தாராளமாக. (எண்ணெய் லேடெக்ஸ் ஆணுறையைக் கெடுத்துவிடும்.) வேகத்தை நான்தான் முடிவு செய்வது என்று பேசி வைத்திருந்தோம். வலிக்கவில்லை. அடுத்த வாரம் லேசாக எரிந்தது. "எரிகிறது" என்றேன். நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தேநீர் போட்டான்.