ஆறு கோடுகளும் ஒரு கார்வையும்

மகள் கல்லூரி விடுதிக்குக் கிளம்பிய அன்று தன் கிட்டாரை என் அறையில் வைத்துவிட்டுப் போனாள். கூடவே ஒரு தாள். ஆறு கோடுகள், அவற்றின் மேல் சில எண்கள். "இதுதான் டேப், அப்பா. எந்தத் தந்தியில் எந்த ஃப்ரெட் என்று இதிலேயே இருக்கிறது. வாசித்துப் பாருங்கள்" என்றாள்.

சிறுவயதில் மூன்று ஆண்டுகள் வீணை கற்றவன் நான். வீணையின் 24 மெட்டுகளில் அலைந்த விரல்களுக்கு, கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பியான ஃப்ரெட் புதிதல்ல. 0 என்றால் திறந்த தந்தி, 3 என்றால் மூன்றாம் ஃப்ரெட். எண் குறிப்பது ஃப்ரெட்டைத்தான், எந்த விரல் என்பதை அல்ல. இதெல்லாம் ஒரே மாலையில் பிடிபட்டது.

ஆனால் நான்கு நாள் வாசித்தும் பாட்டு வரவில்லை. கிட்டாரை மடியில் வைத்தால் தடித்த தந்தி மேலே, முகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் தாளின் மேல்கோட்டைத் தடித்த தந்தி என்று எடுத்துக்கொண்டேன். உண்மை நேர் எதிர். மேல்கோடு மெல்லிய முதல் தந்தி, அடிக்கோடு தடித்த ஆறாம் தந்தி. கிட்டாரின் முகத்தை வானம் பார்க்க மடியில் கிடத்தி, மேலிருந்து குனிந்து பார்த்தபோதுதான் விளங்கியது. தடித்த தந்தி என் வயிற்றை ஒட்டிக் கிடந்தது, தாளின் அடிக்கோடு போலவே. பின்னர் ஒன்றைப் படித்தேன். வெனிஸில் 1507இல் பெத்ரூச்சி என்ற அச்சகர் வெளியிட்ட, லூட் என்ற பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியத்துக்கான டேப்பில் அடிக்கோடுதான் உச்ச ஒலி தரும் மெல்லிய தந்தி. அந்த இத்தாலிய வாசிப்பாளர்களுக்கு என் முதல் வாசிப்பே சரியானதாக இருந்திருக்கும். அதைப் படித்தபோது மனம் நிறைந்தது.

மகள் எழுதித் தந்தது பீத்தோவனின் ஒன்பதாவது சிம்ஃபனியில் வரும் புகழ்பெற்ற மெட்டு. முதல் தந்தியில் 0 0 1 3, 3 1 0, பிறகு இரண்டாம் தந்தியில் 3. அடுத்து இரண்டாம் தந்தியில் 1 1 3, முதல் தந்தியில் 0. கடைசியாக முதல் தந்தியில் 0, இரண்டாம் தந்தியில் 3 3. மொத்தம் 15 எண்கள். எல்லாவற்றையும் சரியான இடத்தில்தான் மீட்டினேன். இருந்தும் முடிவு மட்டும் மொட்டையாக நின்றது.

அப்போதுதான் கண்ணில் பட்டது: அந்தத் தாளில் காலமே இல்லை. எந்த எண் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று சொல்ல ஒரு குறிகூடக் கிடையாது. அச்சுப் புத்தகங்களில் டேப்புக்கு மேலேயே ஐந்து கோட்டு இசைக்குறிப்பையும் போடுவது இதற்காகத்தான். கையால் எழுதிய தாளிலோ, பாட்டை முன்பே கேட்டவர்தான் அதை வாசிக்க முடியும்.

எங்கள் கர்நாடக இசையின் ஸ்வர நோட்டில் இந்தச் சிக்கல் கிடையாது. அதில் காலத்தை அட்சரம் என்ற சிறு அலகால் அளக்கிறோம். ஓர் அட்சரம் நீட்ட ஒரு காற்புள்ளி, இரண்டு அட்சரம் நீட்ட ஓர் அரைப்புள்ளி. கார்வை, அதாவது ஒலி நீண்டு நிற்கும் நேரம், எழுத்திலேயே தெரியும். அதையே டேப்பின் அடியில் எழுதிப் பார்த்தேன். நான்கு நான்கு எண்களாக வரும் முதல் மூன்று கட்டங்களில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு காற்புள்ளி: 0 , 0 , 1 , 3 , என்று சீராக நடக்கிறது. கடைசிக் கட்டம் மட்டும் வேறு: 0 ; 3 3 ; , என்று வருகிறது. முதல் எண்ணுக்கு மூன்று அட்சரம், அடுத்ததற்கு ஒன்று, இறுதி எண்ணுக்கு நான்கு. நான் மொட்டையாக முடித்த இடம் இதுதான்.

இரண்டு அட்சரத்தை ஓர் எண்ணிக்கையாகக் கொண்டால் முழு வரியும் 16 எண்ணிக்கை, அதாவது எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம், இரண்டு சுற்று. கிட்டாரைத் தொடாமல், தொடையில் தாளம் போட்டுக்கொண்டே எண்களை வாயால் சொன்னேன். இரண்டு மாலைகள் இப்படியே போயின. மூன்றாம் நாள் கருவியை எடுத்தபோது பாட்டு முழுதாக வந்தது. புதிதாகக் கற்பவர் யாரிடமும் இதைத்தான் சொல்வேன்: முதலில் வாய், பிறகு விரல்.

டேப்பைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. முதல் தந்தியைத் திறந்து மீட்டினால் வரும் அதே ஒலி, இரண்டாம் தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டிலும் மூன்றாம் தந்தியின் 9ஆம் ஃப்ரெட்டிலும் இருக்கிறது. எங்கே வாசிப்பது என்பதை ஸ்வரக் குறிப்பு சொல்லாது, டேப் சொல்லிவிடும். குறிகளும் சிலவே. சாய்கோடு வந்தால் விரலை எடுக்காமல் இழுக்க வேண்டும். வீணைக்காரர்களுக்கு அது ஜாரு. இரண்டு எண்களுக்கு நடுவே ஆங்கில 'எச்' வந்தால் மீட்டுவது ஒருமுறைதான். இரண்டாவது ஒலியை இடதுகை விரல் தந்தியில் தட்டியே எழுப்ப வேண்டும். எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றால் எல்லாவற்றையும் சேர்த்து மீட்ட வேண்டும், அது கார்ட்.

இப்போது கட்டைவிரல் தடித்த தந்திகளிலும் மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளிலும் வாசிக்கும் ஒரு சிறு பயிற்சியில் இருக்கிறேன். கீழே ஒரு ஒலி நின்றுகொண்டிருக்கும்போதே மேலே நான்கு ஒலிகள் ஓடுகின்றன. ஒரே வரிசைக் காற்புள்ளிகள் இரண்டுக்கும் போதவில்லை. அதனால் கட்டைவிரலின் கார்வையைச் சிவப்பு மையிலும், மற்ற விரல்களுடையதை நீல மையிலும் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.