போயிட்டு வரேன்

டெல்லியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கத் தொடங்கி 16 வருடம் ஆகிறது. எங்கள் பாடப்புத்தகமான ‘ஃப்ளமிங்கோ’வில் முதல் கவிதை கேரளத்துக் கவிஞர் கமலா தாஸ் எழுதியது, ‘மை மதர் அட் சிக்ஸ்டி சிக்ஸ்’. பெற்றோர் வீட்டிலிருந்து கொச்சிக்குக் காரில் போகிறாள் மகள். பக்கத்தில் வாய் திறந்தபடி தூங்கும் அம்மாவின் முகம் பிணம்போல வெளிறிக் கிடக்கிறது. அம்மாவை இழந்துவிடுவோமோ என்ற சிறுவயதுப் பயம் மகளுக்குத் திரும்ப வருகிறது. விமான நிலையத்தில் விடைபெறும்போது மகள் சொல்வது ஒன்றுதான்: “சீ யூ சூன், அம்மா.” அப்புறம் சிரிக்கிறாள், சிரித்துக்கொண்டே இருக்கிறாள்.

பல வருடம் இதை நான் நடத்தியது இப்படி: பிணம்போல என்றால் சிமிலி, அதாவது உவமை. கார் ஜன்னலுக்கு வெளியே மரங்கள் ஓடுகின்றன என்றால் பெர்சானிஃபிகேஷன், மனிதரைப்போலக் காட்டுவது. கடைசி வரியில் ரெபிடிஷன், திரும்பச் சொல்வது. 80 மதிப்பெண் தாளில் இலக்கியத்துக்கு மட்டும் 40. பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள், மதிப்பெண்ணும் வாங்கினார்கள். அந்த அம்மாவை ஒருவரும் பார்க்கவில்லை.

போன வருடம் ஒரு பையன் கேட்டான்: “இவ்வளவு பயப்படுறவங்க வெறும் ‘சீ யூ சூன்’னு சொல்லிட்டு ஏன் போறாங்க மேம்?” நான் வாய் திறப்பதற்குள், மயூர் விஹாரிலிருந்து வரும் ஒரு தமிழ்ப் பெண் எழுந்தாள். அவள் வீட்டில் யாரும் ‘போறேன்’ என்று சொல்லக்கூடாதாம், பாட்டி திட்டுவாராம். ‘போயிட்டு வரேன்’ என்றுதான் சொல்ல வேண்டுமாம். லீவு முடிந்து கும்பகோணத்திலிருந்து கிளம்பும்போது, “அடுத்த தடவை நான் இருக்கேனோ என்னவோ” என்றாராம் பாட்டி. “போயிட்டு வரேன் பாட்டி” என்று சிரித்துவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டாளாம். அதைச் சொல்லிவிட்டு அவளும் உட்காரவில்லை, வகுப்பும் பேசவில்லை.

பின்பெஞ்சில் பீகார்ப் பையன் ஒருவன் மெதுவாகச் சொன்னான்: “எங்க வீட்லயும் ‘ஜாதா ஹூன்’ சொல்ல விடமாட்டாங்க. ‘ஆதா ஹூன்’ தான்.” இந்தியில் ‘போறேன்’ இல்லை, ‘வரேன்’.

மலையாளத்திலும் ‘போயிட்டு வராம்’ உண்டு. அந்த ஆங்கில வரிக்கு அடியில் கமலா தாஸுக்கு அதுதான் ஓடியிருக்கும் என்று நான் நம்புகிறேன். ‘அம்மா’வை அவர் மொழிபெயர்க்கவே இல்லையே.

இப்போது முதல் பீரியடில் பேனா கிடையாது. கவிதை முழுவதும் ஒரே வாக்கியம். ஒருவர் எழுந்து நிறுத்தாமல் வாசிக்க வேண்டும், மூச்சு முட்டினால் முட்டட்டும். சிமிலியை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், அதுவும் தேவைதான். அம்மாவின் முகத்தைப் பின்பனிக்கால நிலவோடு ஒப்பிடுகிறார் கவிஞர். தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்த எனக்கு அது வெறும் சொல்லாகத்தான் இருந்தது. ஜனவரி மூடுபனியில் சோகைபிடித்தாற்போல் தொங்கும் நிலாவை இந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளிப் பேருந்துக்கு நிற்கும்போதே பார்த்திருக்கிறார்கள். அவர்கள் சொல்லித்தான் எனக்கு அந்த உவமை விளங்கியது.

அரையாண்டுத் தேர்வில், மகள் ஏன் சிரிக்கிறாள் என்று கேட்டிருந்தேன். பயத்தை மறைக்க என்று பலரும் எழுதியிருந்தார்கள். சரியான பதில்தான். பீகார்ப் பையன் மட்டும், “திரும்பி வருவேன் என்று சொன்னவள் அழுதால் அம்மா நம்பமாட்டாள்” என்று எழுதியிருந்தான். விடைக்குறிப்பில் அப்படி ஒன்று இல்லை. முழு மதிப்பெண் போட்டேன்.