ஜனவரியில அப்பாவோட நடை

ஜனவரி 3, வெள்ளி

அப்பா நெஞ்ச பாக்க தேதி சொல்றேன்ன கண்டி ஆஸ்பத்திரியிலருந்து போன் வரல.

ஜனவரி 5, ஞாயிறு

விடிய எந்திரிச்சுப் பாத்தா வாசல் புல்லு பூரா வெள்ள. ராத்திரி மேகமே இல்ல, அப்பவே தெரியும். வானம் மூடிக் கெடந்தா பயமில்ல, நட்சத்திரம் பளிச்சுன்னு தெரிஞ்சா தான் பனி, பள்ளத்துல நிக்கிற தேயில தான் மொதல்ல கருகும்னு அப்பா சொல்லுவாரு. பக்கத்துத் தோட்டத்துல ஹோஸ் புடிச்சு உருளக்கெழங்குச் செடி மேல தண்ணி அடிச்சுக்கிட்டு இருந்தாங்க, வெயில் வர முந்தி பனிய கழுவிரணும்ல.

இந்தக் குளிர்ல தான் அவர நான் நடக்கக் கூட்டிட்டுப் போகணும். மெதுவா, மட்டத்துல, சாப்பிட்ட ஒடனே வேணாம், ரொம்பக் குளிர்ல வேணாம்னு டாக்டர் சொன்னாரு. குளிர் பட்டா ரத்தக் குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும், ஏற்கெனவே அடைப்பு இருக்குற நெஞ்சுக்கு அது ரெட்ட வேல. சரி, 1868 மீட்டர்ல இருக்குற நுவரெலியாவுல, ஜனவரி மாசத்துல, குளிர் இல்லாத நேரத்துக்கு நான் எங்க போக? எங்க ஞாயித்துக்கெழம நடைக் கூட்டம் ஆறு மணிக்குக் கெளம்புறது வழக்கம். கூட வாற சரித்திர மாஸ்டர்கிட்ட பேசி எட்டுக்கு மாத்தினேன். ஒருத்தர் கூட ஏன்னு கேக்கல. பேக்கரி நானா, கடைய தொறந்துட்டே வரலாம், நல்லது தானேன்னு சொன்னாரு.

ஜனவரி 8, புதன்

மாத்திரக் குப்பி எங்கன்னு அப்பாகிட்ட கேட்டேன். மேல் சட்டப் பையிலன்னாரு. தொட்டுப் பாத்தா இல்ல, அலுமாரியில இருக்கு. நெஞ்சு வலிச்சா நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திர அலுமாரியில இருந்து என்ன பிரயோசனம். கத்திட்டேன். பால் போடாத சாயத்தண்ணி ஊத்திக் குடுத்தேன், குடிச்சாரு, ரெண்டு பேரும் பேசல.

ஜனவரி 12, ஞாயிறு

நல்ல வெயில், காத்து மட்டும் கூர். அப்பா ரெண்டு ஜெர்சி, கம்பளிக் குல்லா, தோட்டத்துல கணக்கப்பிள்ளையா இருந்தப்ப போட்ட பழைய கோட்டு.

இன்னைக்குத் தான் ஒன்னு கண்டேன். அவரு எல்லா எடத்துலயும் நின்னு வருஷம் சொல்றாரு. போஸ்ட் ஆபிஸ் வாசல்ல 1894, செங்கல்லப் பாருங்க, மணிக்கூட்டுக் கோபுரத்தப் பாருங்க. விக்டோரியா பார்க் கிட்ட 1897, ராணி பட்டத்துக்கு வந்து அறுபது வருஷம், அதுக்கு வச்ச பேரு. கேக்க நல்லா தான் இருக்கு, எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க, தையல் அக்கா போட்டோ எடுக்குறா. ரேஸ் கோர்ஸ் கிட்ட வந்தப்ப நான் அவரு கையப் பாத்துட்டேன். பேசிக்கிட்டே வேலிக் கம்பியப் புடிச்சிருக்காரு, வெரல் நுனி வெளுத்துப் போற அளவுக்கு இறுக்கமா. "1875ல..." ஒரு மூச்சு. "குதிர ஓட..." இன்னொரு மூச்சு. கோட்டுக்கு மேலயே நெஞ்சு ஏறி எறங்குறது தெரியுது.

அவருக்கு நிக்கணும், அதுக்குத் தான் இந்தக் கதையெல்லாம்.

மாஸ்டருக்கு இது முந்தியே தெரியும் போல. அப்பா நட தளருறப்பல்லாம் அவரே கேள்வி போடுறாரு, "கணக்கப்பிள்ள, நானுஓயாவுக்கு ரயில் எப்ப வந்துச்சு?" 1885ன்னு அப்பா சொல்லி முடிக்க ஒரு நிமிஷம். அத்தன வருஷம் சரித்திரம் படிச்சுக் குடுத்த மனுசனுக்கு அது தெரியாதா? லேக் கிட்ட வந்தப்ப "இது முந்தி சதுப்பா இருந்துச்சாமே"ன்னு அவரே எடுத்துக் குடுத்தாரு. 1873, கிரகரி கவர்னர், ஓடைய மறிச்சுக் கட்டினது, எல்லாம் வந்துச்சு, அது முடியிறப்ப அப்பா மொகத்துல நெறம் திரும்பிருச்சு. மாஸ்டர் கால்ல விழணும் போல இருந்துச்சு எனக்கு.

ஜனவரி 13, போயா

பௌர்ணமி லீவு. இன்னைக்கும் போன் வராது.

ஜனவரி 14, பொங்கல்

பானையில தேயிலக் கொத்தும் சேத்துக் கட்டினாரு, தோட்டத்துப் பழக்கம் விடல. பொங்குறப்ப சத்தமா கூவினாரு, கூவிட்டு கதவ புடிச்சுக்கிட்டாரு. தங்கச்சி வீடியோ கால்ல இருந்தா, அவளுக்குத் தெரியல. அவகிட்ட சொல்லவா வேணாமா? சொன்னா வழியில இருக்குற வட்டவளைக்கு வாறதுக்குள்ளயே அழுது தீத்துருவா, சொல்லாம வச்சு ஏதாவது ஆனா நான் என்ன பதில் சொல்றது, அப்பா வேற சொல்லாத சொல்லாதங்கிறாரு, அவருக்கு வலிக்குதுன்னு அவரே என்கிட்ட சொல்றதில்ல, நான் வெரல் நுனியப் பாத்து கண்டுபுடிக்கணும், மாடிப்படி ஏறுறப்ப எத்தனாவது படியில நிக்கிறாருன்னு சமையலறையில இருந்து காது குடுத்துக் கேக்கணும், ராத்திரி இருமினா எந்திரிச்சு போய் நிக்கணும், அந்தப் போன் மட்டும் வந்துட்டா போதும்.

ஜனவரி 19, ஞாயிறு

லேக் கரையில நின்னாரு. வருஷம் சொல்லல.

மாஸ்டர் கேள்வி கேட்டாரு, அதுக்கும் பதில் இல்ல. உள்ளங்கை நெஞ்சுல. பெஞ்சுல உக்கார வச்சேன், சட்டப் பையில குப்பி இருந்துச்சு, இருந்துச்சு, நாக்குக்கு அடியில வச்சேன். அஞ்சு நிமிஷம் பாக்கணும், கொறையலன்னா இன்னொன்னு, அதுக்கும் கொறையலன்னா ஆஸ்பத்திரி. நானா ஆம்புலன்ஸ் நம்பர் 1990 அடிச்சு வச்சுட்டு பச்ச பட்டன் மேல வெரல வச்சுக்கிட்டே நின்னாரு. மத்தவங்க யாரும் சொல்லாமலே காத்து வாற பக்கம் சேந்து நின்னுக்கிட்டாங்க, தையல் அக்கா தன் சால்வைய அவரு கால்ல சுத்தினா. மூனாவது நிமிஷம் "விட்டுருச்சு"ன்னாரு. நானா த்ரீவீல் புடிச்சுக் குடுத்தாரு, நேரா வீட்டுக்குப் போகாம ஆஸ்பத்திரியில காட்டினேன், ஈசிஜி எடுத்தாங்க, கண்டிக்கு அவங்களே கடிதம் எழுதினாங்க.

தங்கச்சிக்கு சொல்லிட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

போன் வந்துச்சு!! 29ம் தேதி ஆஞ்சியோகிராம், நெஞ்சு ரத்தக் குழாய்ல அடைப்பு எங்கன்னு பாக்குற டெஸ்ட். முந்தின நாளே வந்து வாட்டுல சேரணுமாம்.

ஜனவரி 22, புதன்

அப்பாவுக்கு ரயில்ல போகணும், தங்கச்சிக்கு அது ஆகாது, நேரம் போகுமாம், நடுவுல ஏதாவது ஆனா எறங்க எடமில்லயாம். நானா வேன் தாறேன்னாரு. கண்டி ரோட்டுல றம்பொட வளைவுல அப்பாவுக்கு வாந்தி வரும், தேசிக்கா வாங்கணும். ஞாயித்துக்கெழம நடைக்கு அவரு வரமாட்டாருன்னு மாஸ்டருக்கு சொன்னேன், அப்ப நாங்க வீட்டுக்கு வாறோம்னாரு. எத்தன பேர் வருவாங்கன்னு தெரியல, கப்பு பத்தாது, மேல் வீட்டுல கேக்கணும். ஈசிஜி துண்டெல்லாம் பைலுல போட்டாச்சு, போன வருஷத்தது மட்டும் காணல