ஒரு பிள்ளை, நான்கு வரிகள்

அந்த வருஷ டிசம்பரில், முகத்துவாரத்தில் ஒரே வீட்டுக்கு இரண்டு சக்கர நாற்காலிகள் போய்ச் சேர்ந்தன. பிள்ளை ஒன்றுதான். வீடு ஒரு தோட்டத்துக்குள்ளே. (கொழும்பில் தோட்டம் என்றால் மரஞ்செடி இல்லை, ஒரே இலக்கத்துக்குள் முப்பது, நாற்பது குடும்பங்கள் ஒட்டிக்கொண்டு வாழும் இடம்.) அந்த ஒழுங்கையில் ஒரு நாற்காலியையே திருப்ப முடியாது. ஒன்றில் பிள்ளை இருந்தான், மற்றதில் உடுப்புக் காய்ந்தது.

அப்போது நான் பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருந்தேன். விசேட தேவையுள்ள பிள்ளைகளின் பட்டியலைத் தட்டி, வருடாந்தத் திட்டத்தில் சேர்த்தது நான்தான். அதனால் யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

நடந்தது இதுதான். கிராம உத்தியோகத்தரிடம் ஒரு பட்டியல், சமூக சேவை உத்தியோகத்தரிடம் ஒன்று, சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் ஒன்று. 2023இல் அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரி உதவித் திட்டம் வந்த பிறகு அதற்கும் ஒன்று. பிள்ளையின் பெயரை எழிலன் என்று வைத்துக்கொள்வோம். சிங்களத்தில் ழகரத்துக்கு எழுத்துக் கிடையாது. ஒருவர் எலிலன் என்று எழுதினார், ஒருவர் எளிலன் என்று எழுதினார். ஆங்கிலப் பட்டியலில் ழகரம் இசட் ஆகி, தமிழுக்குத் திரும்பி வரும்போது எஸிலன் ஆகிவிட்டது. ஒன்றில் தகப்பன் பெயர் முன்னால், ஒன்றில் பின்னால். கணினி அகர வரிசைப்படுத்தியதும் நான்கு வரிகளும் நான்கு பக்கத்துக்குப் போய்விட்டன. நானும் நான்கு பிள்ளைகள் என்றே எண்ணினேன். இரண்டோடு நின்றதே பெரிய விஷயம்.

ஒரு நாற்காலியைத் திருப்பி எடுக்கலாமா என்று கேட்கப் போனேன். தாய் ஒரு பொலித்தீன் பையை அவிழ்த்துக் காட்டினார்: கிளினிக் கொப்பி, பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் கடிதம், எங்கள் நான்கு பேரும் வாங்கிய அதே பிரதிகளின் மிச்சம். "எடுத்துக்கொண்டு போங்க மிஸ். அதுக்குப் பதிலா கிளினிக் நாளைக்கு ஒரு திரீவீல் தந்தா போதும்." பொரளைச் சிறுவர் வைத்தியசாலையில் மருத்துவம் இலவசம். போய்வருவதுதான் இலவசமில்லை. பஸ்ஸில் நாற்காலியை ஏற்ற முடியாது, அன்றைய கூலியும் போய்விடும். எங்கள் படிவத்தில் இருந்தது உபகரணம், எண்ணிக்கை, தொகை என்ற மூன்று நிரல்கள். நாற்காலியை எண்ணலாம், கையளிக்கும்போது படமும் எடுக்கலாம். திரீவீல் காசை எந்த நிரலில் போடுவது?

சட்டத்துக்குக் குறைவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, மாற்றுத்திறனாளிகளுக்கான ஐ.நா. சமவாயத்தையும் 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது.

பக்கத்து வீட்டில் மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி இருந்தாள். இன்னும் ஒரு சொல்லும் பேசவில்லை. எங்கள் நான்கு பட்டியலிலும் அவள் இல்லை. 2012 குடிசன மதிப்பீட்டில் இயலாமை உள்ளோர் 8.7 வீதம் என்று திட்டங்களின் முதல் பக்கத்தில் நாங்கள் எழுதுவதுண்டு. அது 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் கணக்கு. பயிற்சி கொடுத்தால் மிகப் பலன் தரும் வயது அந்த எண்ணுக்கு வெளியே நிற்கிறது என்பது அவளைப் பார்த்த அன்றுதான் எனக்கு உறைத்தது.

அவளை அறிந்திருந்தவர் அந்தப் பகுதி மிட்வைஃப். கொழும்பு நகரில் அவர்கள் மாநகர சபையின் சுகாதாரப் பிரிவுக்குக் கீழே, நாங்கள் இன்னொரு அமைச்சுக்குக் கீழே. அவரை எங்கள் மாதாந்தக் கூட்டத்துக்கு அழைக்க மூன்று கடிதம் எழுத வேண்டியிருந்தது. கடைசியில் தன் கொப்பியோடு வந்தார். சிங்களப் பெண்மணி, தமிழ்ப் பெயர்களை வாசிக்கத் தடுமாறினார். ஆனால் "குழாயடிக்கு எதிர் வீடு, மேல் மாடி, பேச்சு வராத பிள்ளை" என்று அடையாளம் சொன்னார். வீடு வீடாக ஏறி இறங்குபவர் கணக்கில் ஒரு பிள்ளை எப்படி இரண்டாகும்?

அப்புறம் பிறந்த திகதியையும் தாயின் அடையாள அட்டை இலக்கத்தையும் வைத்து நான்கு பட்டியலையும் ஒன்றாக்கினேன். இரண்டு வாரம் எடுத்தது.

அடுத்த வருஷத் திட்டத்தில் "கிளினிக் போக்குவரத்து" என்று ஒரு வரி சேர்த்தேன். செலவுத் தலைப்பு இல்லை என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது. இரண்டாவது நாற்காலி அங்கேயே நின்றது. கொடுப்பதற்குப் படிவம் இருந்தது, திருப்பி வாங்கப் படிவம் இல்லை. மூன்று வயதுக்காரி மட்டும் பட்டியலில் ஏறினாள், பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி, தமிழில்.