இன்னும் எத்தனை தடவை வருவே?

அக்கா கேட்டது இதுதான்: "இன்னும் எத்தனை தடவை வருவே நீ?" நான் சொன்னதும் ஒரே வரிதான்: "டிசம்பர் வரைக்கும் வருவேன்க்கா." பொய் இல்லை. என் பயணத் திட்டத்தில் டிசம்பருக்குப் பிறகு பினாங்கு என்ற பெயரே கிடையாது. அதைச் சொன்னேன், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ரகசியத்தை வெளியே விடவில்லை என்று அலுவலகத்துக்கும், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்று எனக்கும், அந்த ஒரே வரியைத்தான் இன்றுவரை கணக்குக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

லைன் டிரான்ஸ்ஃபரில், அதாவது ஓர் ஆலையின் லைனை இன்னோர் ஆலைக்கு மாற்றும் வேலையில், இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எல்லா ஆலைகளிலும் ஒரே நடைமுறை என்று ஏதாவது பெயர் வைத்துத்தான் அனுப்புவார்கள். ஆரம்பத்தில் நானும் அதை நம்பினேன். அப்புறம் சிங்கப்பூரில் நடந்த ஒரு கூட்டத்தில் இயந்திரப் பட்டியலைத் திரையில் போட்டார்கள். சிப்புகளைச் சோதனைக்கு எடுத்துவைக்கும் இயந்திரமான ஹேண்ட்லர், பினாங்கில் இருந்த ஒவ்வொன்றுக்கும் நேராக, எந்த மாதம் கப்பலேறும், ஹோ சி மின் நகரில் எந்த வரிசையில் உட்காரும் என்று இருந்தது. நான் விடுதி அறைக்குத் திரும்புவதற்குள் ரகசியக் காப்புப் பத்திரம் மெயிலில் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டேன். போடாமல் இருந்திருக்கலாமே என்று கேட்டால், இருந்திருக்கலாம்தான், வேலையை விட்டுவிட்டு.

அக்கா பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் ஆலையில், சிப்புகளைச் சோதிக்கும் டெஸ்ட் லைனில் இருந்தவர். என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். மலேசியத் தமிழர், பட்டர்வொர்த் பக்கம். என் வேலை அவருக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதி எடுப்பது. கையேட்டில் இருப்பதை அல்ல, கையேட்டில் இல்லாததை. ஒரு லாட்டில், அதாவது ஒரு தொகுதி சிப்புகளில், திடீரென்று தோல்வி கூடினால் சிப்பைச் சந்தேகப்படாதே, சிப்பை வைத்துச் சோதிக்கும் எந்த சைட்டில் குவிகிறது என்று பார் என்பார். எட்டு சைட்டில் ஒன்றில் மட்டும் குவிந்தால் கோளாறு சிப்பில் இல்லை, அதைப் பொருத்தும் சாக்கெட்டில். ஊசி முனைகளில் வெள்ளீயம் படிந்து தொடர்பு மின்தடை ஏறியிருக்கும். துடைத்துவிட்டு அதே சிப்புகளை மறுபடி ஓட்டினால் பாதிக்கு மேல் பாஸ் ஆகும். எத்தனை ஆயிரம் தடவை அழுத்தியபின் துடைக்க வேண்டும் என்று கையேடு ஓர் எண் சொல்லும், அக்கா வேறோர் எண் சொல்வார், அக்கா சொன்னதுதான் சரியாக இருக்கும்.

இதையெல்லாம் எனக்கு அவர் கூட்ட அறையில் சொல்லவில்லை. நாசி கண்டார் கடையில், காரில், தண்ணீர்மலைக் கோயில் படிகளில் ஏறும்போது சொன்னார். நான் அறைக்கு வந்து எழுதிக்கொள்வேன். அவ்வளவு வேகமாக அந்த ஆவணம் முடிந்ததற்கு நான் திறமைசாலி என்பது காரணமில்லை. அவருக்கு என்னைப் பிடித்திருந்தது, அதுதான் காரணம். எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே உறுத்துகிறது. ஆனால் சிங்கப்பூர் கூட்டத்துக்குப் பிறகும் அதே கடையில் அதே போல உட்கார்ந்து கேட்டேன், அதே போல அறைக்கு வந்து எழுதினேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். பத்து காவான் பக்கம் ஒரு தரை வீடு பார்த்திருந்தார். ஒரு சனிக்கிழமை அதைக் காட்ட என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தீவிலிருந்து மறுகரைக்குப் போகும் இரண்டாவது பாலத்தில் போய்க்கொண்டிருந்தோம். 2014இல் திறந்த பாலம், 24 கிலோமீட்டர் நீளம், பெரும்பகுதி கடல்மேல். பேச்சைத் தவிர்க்க நினைப்பவருக்கு அதைவிட மோசமான சாலை கிடையாது. வீட்டைப் பிடித்துவைக்க 3 சதவீதம் கட்டியாகிவிட்டது என்றார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது மீதியைக் கட்டி 10 சதவீதமாக்க வேண்டும், அடுத்த வாரம் வக்கீலிடம் போகிறார், சேமநிதியான இபிஎஃப்பில் இரண்டாம் கணக்கிலிருந்து கொஞ்சம் எடுக்கலாம் என்று விவரமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கையெழுத்துக்குப் பிறகு வாங்குபவர் பின்வாங்கினால் அந்த 10 சதவீதம் போய்விடும் என்பதையும் அவரே சொன்னார். அதைச் சொன்ன கையோடுதான் கேட்டார், நான் இன்னும் எத்தனை தடவை வருவேன் என்று.

இந்த இடத்தில்தான் நான் சுற்றிச் சுற்றி வருகிறேன். அது வெறும் விசாரிப்பாக இருந்திருக்கலாம். வீட்டுக்குப் பால் காய்ச்சும்போது நான் இருப்பேனா என்று தெரிந்துகொள்ளக் கேட்டிருக்கலாம். அப்படியானால் என் பதில் எந்த விஷமும் இல்லாத பதில். ஆனால் அக்கா அப்படிச் சுற்றி வளைக்கிறவர் இல்லை. வருவாயா என்றுதான் கேட்பார், எத்தனை தடவை என்று கேட்க மாட்டார். லைனில் அத்தனை வருடம் இருந்தவருக்கு, வெளியூரிலிருந்து ஒரு சின்னப் பிள்ளை வந்து மாதக்கணக்கில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாமலா இருக்கும்? லைன் மூடுகிறார்களா என்று நேராகக் கேட்டிருந்தால் நான் பொய் சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சங்கடத்தை எனக்குக் கொடுக்காமல், நான் உண்மையே சொல்லக்கூடிய ஒரு கேள்வியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாரோ என்னவோ. இதை நினைக்கும்போதெல்லாம் அவர்மேல் மரியாதை கூடுகிறது. உடனே, இது என் வசதிக்கு நானே கட்டிக்கொண்ட கதையோ என்றும் தோன்றுகிறது.

நான் பதில் சொன்ன பிறகு அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அந்தப் பக்கம் வரப்போகும் கடைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

என் பக்க நியாயங்கள் பலவீனமானவை அல்ல. மலேசியச் சட்டப்படி ஆட்குறைப்புக்கு 30 நாள் முன்னால் தொழிலாளர் துறைக்குப் படிவம் கொடுத்தால் போதும். அரசாங்கத்துக்கே அவ்வளவுதான் முன்னறிவிப்பு என்றால், நான் யார் அதற்கும் பல மாதம் முன்னால் சொல்ல? திட்டங்கள் மாறும். கப்பலேறும் மாதம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்து கடைசியில் போகாமலே நின்றுவிட்ட லைன்களைப் பற்றி இந்தத் துறையில் எல்லோருக்கும் ஒரு கதை இருக்கும். நான் சொல்லி, அவர் வீட்டை விட்டுவிட்டு, லைனும் போகாமல் இருந்திருந்தால்? இன்னொன்றும் உண்டு. ஹோ சி மின் நகரில் அந்த இயந்திரங்களுக்காக வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பையன் எனக்கு நல்ல நண்பன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் கொஞ்சம் கண்ணயர்வார்கள். அவன் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் எழுதியதை வரி வரியாகக் கேட்பான். அக்கா காரில் சொன்னதைத்தான் நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவனுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அவனும் வாடகை கட்டுகிறவன்தான்.

இப்படி வரிசையாக அடுக்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பாலத்தில் என் மனதில் இதில் ஒன்றுகூட இல்லை. ரகசியக் காப்புப் பத்திரத்தை மீறினால் வேலை போகும் என்ற பயம் இருந்தது, இன்னும் பாலம் முடியவில்லையே என்ற எண்ணம் இருந்தது. நியாயங்களெல்லாம் பிறகு, விமான நிலையங்களில் உட்கார்ந்து சேர்த்தவை.

அக்கா அடுத்த வாரம் கையெழுத்துப் போட்டார். என் பதில் அவருக்கு விளங்கவில்லை என்று அப்போது நினைத்தேன், நிம்மதியாகக்கூட இருந்தது. சில மாதங்களில் ராஜினாமா செய்துவிட்டு, புது வீட்டுக்குப் பக்கத்திலேயே பத்து காவானில் ஒரு ஆலைக்குப் போனார். சம்பளம் கொஞ்சம் குறைவு, ஆனால் பாலம் தாண்ட வேண்டாம் என்றார். அதற்குப் பிறகுதான் லைன் மூடும் அறிவிப்பு வந்தது. அந்தச் செய்தியை நான் அவருக்கு அனுப்பினேன், எனக்கே அப்போதுதான் தெரிந்தது போல. பதில் உடனே வந்தது: "நீதான் அன்னைக்கே சொல்லிட்டியே லா." கூடவே ஒரு சிரிப்பு முகம். நான் ஒரு இதயம் அனுப்பினேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அது நன்றியா, குத்தலா? எனக்கு இரண்டு விதமாகவும் படிக்க வருகிறது. நன்றி என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி: கையில் சம்பளச் சீட்டு இருக்கும்போதே வங்கிக் கடனை முடித்துக்கொண்டார். லைன் மூடிய பிறகு எந்த வங்கியும் அவரை உட்காரச் சொல்லியிருக்காது. எல்லோரும் ஒரே நேரத்தில் வேலை தேடுவதற்கு முன்பே ஓர் இடத்தையும் பிடித்துவிட்டார். என் ஒரு வரியை அவர் அழகாகப் பயன்படுத்திக்கொண்டார் என்று ஆகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. 1980ஆம் ஆண்டு ஆட்குறைப்பு விதிகளின்படி ஐந்து வருடமும் அதற்கு மேலும் இருந்தவருக்கு, வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 20 நாள் சம்பளம் தர வேண்டும். 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குகிறவர்களுக்கு அது சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் எங்கள் நிறுவனம் எல்லோருக்கும் அதே கணக்கில் கொடுத்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். அக்கா பத்து வருடத்துக்கு மேல் இருந்தவர். 200 நாள் சம்பளத்துக்குக் குறையாது. தானாக ராஜினாமா செய்தவருக்கு அதில் ஒரு காசும் இல்லை. மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோ வழியாக வேலை இழந்தவர்களுக்கு வரும் உதவித்தொகையும் கிடையாது. நான் வாயை முழுதாக மூடியிருந்தால் அவர் இருந்து வாங்கியிருப்பார். முழுதாகத் திறந்திருந்தாலும், பொறுங்கக்கா, அவர்களே அனுப்பட்டும் என்று சேர்த்துச் சொல்லியிருப்பேன். நான் சொன்னது இரண்டுக்கும் நடுவில் ஒன்று.

சென்னையில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு மூத்தவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "நீ சொன்னதை வச்சா அந்தம்மா முடிவெடுத்திருப்பாங்கன்னு நினைக்கறியா? அவங்களுக்கு ஆலை பூரா ஆள் இருந்திருக்கும்" என்றார். இருக்கலாம். என் வரிக்கு நானே ரொம்ப எடை கொடுக்கிறேன் என்றுகூட இருக்கலாம். எடை இல்லை என்றால் எனக்கு ஏன் ஏமாற்றமாக இருக்கிறது என்று தெரியவில்லை.

அந்த வருட மதிப்பீட்டில் என் மேலாளர், முக்கியமான தகவல்களைக் கையாள்வதில் முதிர்ச்சி காட்டியதாக எழுதியிருந்தார். ஊதிய உயர்வும் வந்தது. அதே சமயத்தில்தான் அக்கா புது வீட்டின் படங்களை அனுப்பியிருந்தார்.

அக்காவிடமே கேட்டுவிடலாம். போனில் கேட்கிற விஷயமில்லை என்று தள்ளிப்போட்டேன். இனி பினாங்கில் எனக்கு அலுவலக வேலை இல்லை, நிறுவனம் டிக்கெட் போடாது. எங்கள் நட்பு முழுக்க நிறுவனத்தின் டிக்கெட்டில் நடந்தது என்பதே அப்போதுதான் உறைத்தது. போக வேண்டுமென்றால் விசா வேண்டும், கோலாலம்பூரில் இறங்கி விமானம் மாற வேண்டும் என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்றாகிவிட்டது. 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேர் விமானமும் வந்துவிட்டது. இப்போது விடுப்புக் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.